தீவுகளில் கறவை மாடு: குடியேறியோரின் வாழ்வாதாரம்

அந்தமான் நிகோபார் தீவுகளின் பழங்குடி மக்களுடைய உணவில் பாலுக்கு இடம் இருந்ததில்லை. கிரேட் அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினல் ஆகிய மக்கள் காட்டையும் கடலையும் நம்பி வாழ்ந்தவர்கள். நிகோபாரியர் பன்றியும் கோழியும் வளர்ப்பவர்கள். பசுவும் எருமையும் இத்தீவுகளின் இயற்கைப் பிராணிகள் அல்ல. மனிதனோடு கப்பலேறி வந்தவை. ஆகவே இங்கே பால் தொழிலின் வரலாறு குடியேற்றத்தின் வரலாற்றோடு பிரிக்கமுடியாதபடி பின்னிக் கிடக்கிறது. வெளியிலிருந்து வந்த மக்கள், வெளியிலிருந்து வந்த கால்நடைகளைக் கொண்டு, தமக்குப் பழக்கமில்லாத மண்ணில் பிழைப்பை எவ்வாறு அமைத்துக்கொண்டார்கள் என்பதும், அப்பிழைப்பு நிலைத்து நிற்க என்ன தேவை என்பதும் இவ்வுரையின் பொருளாகும்.

வந்தவர்களும் கொண்டுவந்தவையும்

தீவுகளில் மாடு வளர்க்கும் முதல் முயற்சிகளில் ஒன்று நிகோபாரில் டேனியர்களால் செய்யப்பட்டது. 1756 முதல் பலமுறை குடியேற்றம் அமைக்க முயன்று, நோயினாலும் தனிமையினாலும் தோல்வியுற்ற டென்மார்க் நாட்டினர், 1868இல் தம் உரிமையைப் பிரிட்டிஷாருக்கு விட்டுக்கொடுத்து வெளியேறினர். கமோர்ட்டாவுக்கு அருகிலுள்ள டிரிங்கெட் தீவில் இன்றும் காட்டு மாடுகளாகத் திரியும் பசுக்கள், அவர்கள் விட்டுச்சென்ற கால்நடைகளின் வழிவந்தவை என்று கருதப்படுகிறது. மனிதக் குடியேற்றம் தோற்ற இடத்தில் மாடு பிழைத்துக்கொண்டது வியப்பான செய்தியே. ஆயினும் கறப்பார் இல்லாத மாடு எவருக்கும் வாழ்வாதாரம் ஆவதில்லை.

1858இல் போர்ட் பிளேரில் கைதிகளின் குடியிருப்பு அமைக்கப்பட்டபின் அந்தமானுக்குக் கால்நடைகள் வந்தன. தண்டனைக் காலத்தில் ஒரு பகுதியைக் கழித்த கைதிகள் நிலம் பெற்றுப் பயிர் செய்ய அனுமதிக்கப்பட்டனர். உழவுக்கு மாடு வேண்டியதாயிற்று. 1921க்குப் பின் மலபார் மாப்பிள்ளைமார்களும், 1925 முதல் மாயாபந்தர்ப் பகுதியில் பர்மாவின் கரேன் மக்களும், காட்டு வேலைக்காகச் சோட்டாநாகபுரித் தொழிலாளர்களும் வந்து சேர்ந்தனர்.

பெரிய அளவிலான குடியேற்றம் சுதந்திரத்திற்குப் பின்னரே நிகழ்ந்தது. 1949இல் கிழக்கு வங்காள அகதிக் குடும்பங்களின் முதல் தொகுதி தென் அந்தமானில் இறங்கியது. 1950களிலும் 1960களிலும் மத்திய அந்தமானின் ரங்கத், வட அந்தமானின் திக்லிபூர், இன்று சுவராஜ் துவீப், ஷகீத் துவீப் என்று பெயர் பெற்றுள்ள ஹேவ்லாக், நீல் தீவுகள் ஆகியவற்றில் குடியேற்றங்கள் விரிந்தன. உழவர் குடும்பம் ஒன்றுக்கு நெல்லுக்கேற்ற சமநிலம் 5 ஏக்கரும், தோட்டப் பயிருக்கேற்ற மேட்டுநிலம் 5 ஏக்கரும் வழங்குவது அக்காலத்து முறை. 1969 முதல் கிரேட் நிகோபார் தீவின் காம்ப்பெல் பே பகுதியில் பஞ்சாப், மகாராஷ்டிரம், தமிழ்நாடு முதலிய மாநிலங்களின் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினர் கட்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பெற்றனர்.

1951இல் 30,971ஆக இருந்த தீவுகளின் மக்கள்தொகை 2011இல் 3,80,581ஆக உயர்ந்தது. அறுபது ஆண்டுகளில் பன்னிரண்டு மடங்கு! வங்காளிகள், தமிழர்கள், தெலுங்கர்கள், பஞ்சாபியர் என வந்தவர் அனைவரும் தத்தம் சமையலறைப் பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தனர். வங்காளிக்குத் திரித்தெடுத்த பாலில் செய்த இனிப்பு வேண்டும். தமிழனுக்குத் தேநீரும் தயிரும் மோரும் வேண்டும். பஞ்சாபிக்கு நெய் வேண்டும். பாலே அறியாத தீவுகளில் ஒரு தலைமுறைக்குள் பாலுக்குப் பெரிய சந்தை உருவாயிற்று.

அஸ்ஸாம் தரும் பாடம்

குடியேறியோரும் கறவை மாடும் என்ற பொருளைப் பேசும்போது நம் நாட்டின் வடகிழக்கு மூலையை நினையாமல் இருக்க இயலாது. பால் தொழிலையே கையிருப்பாகக் கொண்டு புலம்பெயர்ந்த மக்கள் நேபாளியர். 1816இல் சுகௌலி உடன்படிக்கைக்குப் பின் கூர்க்கா வீரர்கள் பிரிட்டிஷ் படைகளில் பெருமளவு சேர்க்கப்பட்டனர். அஸ்ஸாமில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் பலர் அங்கேயே தங்கினர், உறவினரும் பின்தொடர்ந்தனர். பிரம்மபுத்திராவின் ஆற்றிடைத் திட்டுகளிலும் புல்வெளிகளிலும் எருமைகளையும் பசுக்களையும் மேய்த்து, 'கூட்டி' எனப்படும் மூங்கில்-புல் கொட்டில்களில் தங்கி, அவர்கள் பால் தொழில் நடத்தினர். வெள்ளம் வரும்போது மந்தை மேட்டுக்கு நகரும். வடிந்தபின் புதுப்புல்லைத் தேடித் திட்டுக்குத் திரும்பும்.

நகரத்துக்கு அருகிலிருந்த கொட்டில்களின் பால் பாலாகவே விற்றது. தொலைவிலிருந்தவற்றின் பால் நெய்யாக உருக்கப்பட்டுச் சந்தைக்குச் சென்றது. ஜெர்மானியப் பொருளியலறிஞர் வான் தூனென் 1826இல் வகுத்த கோட்பாடு பொருளியல் மாணவர்கள் அறிந்ததே: விரைவில் கெடும் பால் நகரை ஒட்டிய முதல் வட்டத்தில் உற்பத்தியாகும், தொலைவு கூடக்கூடப் பொருள் சுருங்கியதாகவும் கெடாததாகவும் இருக்கவேண்டும். இந்நூலை ஒருநாளும் படித்திராத நேபாளிய மேய்ப்பர்கள் அதே கணக்கின்படி தொழில் செய்தனர்.

ஆனால் அத்தொழிலுக்கு ஓர் அடிப்படைப் பலவீனம் இருந்தது. மேய்ப்பர் அரசுக்குத் தலைக்கு இவ்வளவு என்று மேய்ச்சல் வரி செலுத்தினர். நிலத்தின் மீது பட்டா பெறவில்லை. அரசுக்கு வருவாய் வேண்டியிருந்தவரை அவர்கள் வரவேற்கப்பட்டனர். காசிரங்கா போன்ற பகுதிகள் 1908இல் ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டபோது புல்வெளி குறைந்தது. பயிர் செய்யும் குடியேறிகள் பெருகியபோது மேலும் குறைந்தது. மேய்ச்சலுக்கென்று ஒதுக்கிய நிலங்களைப் பயிர்க் குடியேற்றத்துக்குத் திறந்துவிடுவதா என்பது 1940களில் அஸ்ஸாம் அரசியலின் பெரும் பிரச்சினைகளில் ஒன்றாயிற்று. தலைமுறை தலைமுறையாக மேய்த்த நிலம், பதிவேட்டில் அவர்கள் பெயரில் இல்லாமையால், பிறர் நிலமாகவோ காடாகவோ மாறியது. வழக்கத்தால் கிடைத்த உரிமை எழுத்தில் ஏறாவிட்டால் நெருக்கடி வரும்போது துணை நிற்காது என்பதே அஸ்ஸாம் தரும் பாடம்.

அந்தமானில் நேபாள மொழி பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும் அஸ்ஸாமில் அவர்கள் எதிர்கொண்ட கேள்விகளையே வேறு வடிவில் தீவுகளில் மாடு வளர்க்கும் வங்காளியும் தமிழனும் எதிர்கொள்கின்றனர். தொலைவான சந்தை, சுருங்கும் மேய்ச்சல், காட்டின் எல்லை, நிலப் பத்திரம் என்பனவே அவை.

வீட்டுக் கொட்டிலும் தீவனமும்

தீவுகளில் பால் தொழில் பெரும்பாலும் வீட்டோடு ஒட்டிய சிறுதொழிலாகும். இரண்டு மூன்று மாடுகள், பாக்கு மரச் சட்டமும் தகரமும் கொண்ட கொட்டில், வாசலிலேயே பால் விற்பனை என்பது வழக்கமான தோற்றம். விடியற்காலைக் கறவை, கொட்டில் துப்புரவு, புல் அறுப்பு ஆகிய வேலைகளில் பெரும்பங்கு பெண்களுடையது. நெல் ஆண்டுக்கு ஒருமுறை பணம் தரும். தென்னையும் பாக்கும் காய்க்கப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். கறவை மாடு நாள்தோறும் கையில் காசு தருகிறது. பள்ளிச் செலவுக்கும் மளிகைக் கடனுக்கும் குடும்பத்தலைவி நம்பியிருப்பது இந்தக் காசையே.

இயற்கைச் சூழல் இத்தொழிலுக்கு ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொள்கிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்வதால் மே முதல் டிசம்பர் வரை புல்லுக்குக் குறைவில்லை. ஆனால் அதே ஈரத்தில் வைக்கோல் அழுகுகிறது, கொட்டில் சேறாகிறது, அட்டையும் உண்ணியும் பெருகுகின்றன. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களில் புல் காய்ந்து, குடிநீருக்கும் தட்டுப்பாடு ஏற்படுகிறது. கறவைப் பசு ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 லிட்டர் தண்ணீர் வேண்டும். மனிதருக்கே முறை வைத்து நீர் கிடைக்கும் பருவத்தில் இது சிறிய அளவன்று.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இச்சூழலை மேலும் மாற்றிவிட்டது. தெற்கே நிலம் தாழ்ந்து, போர்ட் பிளேருக்கு அருகிலுள்ள சிப்பிகாட் போன்ற இடங்களில் வயல்கள் உப்புநீர் தங்கும் நிலங்களாயின. காம்ப்பெல் பே கடற்கரைக் குடியேற்றங்கள் அழிந்தன. கால்நடைகள் பெருமளவில் மாண்டன. நெல் வயல் குறைந்தால் அரிசி குறைவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். வைக்கோல் குறைவது மாடு வைத்திருப்பவருக்குத்தான் தெரியும்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

தீவுகளின் பால் தொழிலில் செலவின் பெரும்பகுதி தீவனமாகும். கலப்பினப் பசு ஒன்றுக்கு உடல் பராமரிப்புக்காக நாளொன்றுக்கு 1.5 கிலோ அடர்தீவனமும், அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோவும் வேண்டும் என்பது கால்நடைத் துறையின் பொதுவான பரிந்துரை. அதன்படி 5 லிட்டர் கறக்கும் பசுவுக்கு 3.5 கிலோ, 10 லிட்டர் கறக்கும் பசுவுக்கு 5.5 கிலோ. ஒரு லிட்டர் பாலுக்கு முன்னதில் 700 கிராமும் பின்னதில் 550 கிராமும் செலவாகின்றன. கறவை உயர்ந்தால் லிட்டருக்கான தீவனம் குறைகிறது என்பது தெளிவு.

ஆகவே கலப்பினப் பசுக்களைப் பெருக்குவதே வழி என்று முடிவு கட்டிவிடலாகாது. அடர்தீவனமும் அதன் மூலப்பொருள்களும் பெரும்பாலும் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினத் துறைமுகங்களிலிருந்து 1,200 கிலோமீட்டர் அளவு கடல் கடந்து வருகின்றன. அதன்பின் சிறு கப்பல்களில் வெளித்தீவுகளுக்குச் செல்கின்றன. புயல் எச்சரிக்கையால் கப்பல் ஒரு வாரம் நின்றால் மூட்டை கிடைப்பதில்லை. கிடைக்கும் மூட்டைக்கு விலை ஏறுகிறது. நாட்டுப் பசு அக்காலத்தைப் புல்லோடு சமாளித்துவிடும். கலப்பினப் பசுவுக்குப் பால் வற்றுகிறது. அடுத்த சினையும் தள்ளிப்போகிறது. சினைக்காலம் சுமார் 280 நாள். ஒரு கருவுறுதல் தவறினால் ஏழைக் குடும்பம் வருமானமின்றி மாட்டுக்குத் தீனி போடவேண்டிய மாதங்கள் நீளுகின்றன.

சந்தையின் சிக்கல் மற்றொன்று. தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேர், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பால் வாங்குவோர் பெரும்பாலும் அங்கேயே உள்ளனர். புல்லும் நிலமும் வடக்கேயும் வெளித்தீவுகளிலும் உள்ளன. திக்லிபூருக்கும் தலைநகருக்கும் இடையே 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலை, ஜாரவா மக்களின் ஒதுக்கிடத்தினூடே கட்டுப்பாட்டுடன் செல்லும் வாகன வரிசைகளைக் கொண்டது. அங்கிருந்து கறந்த பால் கெடாமல் வந்துசேர்வது எளிதன்று. தலைநகரை ஒட்டிய கிராமங்களில் பால் நல்ல விலைக்கு விற்க, தொலைவில் அதே பால் உள்ளூர்த் தேநீர்க் கடையையும் மிட்டாய்க் கடையையும் நம்பியிருப்பது இதனால்தான்.

பால்பவுடர்: துணையா, போட்டியா?

நகரின் தேவையில் பெரும்பகுதியைப் பெருநிலத்திலிருந்து வரும் பால்பவுடரும் நீண்டநாள் கெடாத பெட்டிப் பாலும் நிறைவு செய்கின்றன. 1988இல் நிறுவப்பட்ட அந்தமான் நிகோபார் தீவுகள் ஒருங்கிணைந்த வளர்ச்சிக் கழகம் பால் பதப்படுத்தும் நிலையம் ஒன்றையும் நடத்திவருகிறது. கப்பல் தாமதமானாலும் குழந்தைகளுக்குப் பால் கிடைக்கவேண்டும் என்ற நோக்கில் பவுடர் தவிர்க்கமுடியாதது. இதைக் குறை கூறுவதற்கில்லை.

இவ்விடத்தில் வெண்மைப் புரட்சித் திட்டத்தின் அனுபவம் நினைவுகூரத்தக்கது. 1970இல் தொடங்கி 1996இல் நிறைவுற்ற அத்திட்டத்தின் முதல் கட்டத்துக்கு மூலதனம் எங்கிருந்து வந்தது? ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் உலக உணவுத் திட்டத்தின் வாயிலாக நன்கொடையாக அளித்த பால்பவுடரிலிருந்தும் வெண்ணெய் எண்ணெயிலிருந்தும் வந்தது. வெளிநாட்டுப் பவுடர் மலிவாகச் சந்தையில் கொட்டப்பட்டால் உள்ளூர் உழவன் அழிவான் என்பதை வர்கீஸ் குரியன் தலைமையிலான தேசிய பால்வள வளர்ச்சி வாரியம் உணர்ந்திருந்தது. உள்ளூர்ப் பாலின் விலையைக் குலைக்காத வகையில் பவுடரைப் பாலாக்கி விற்று, அவ்வருவாயைக் கூட்டுறவுச் சங்கங்களையும் குளிரூட்டும் நிலையங்களையும் கட்டச் செலவிட்டனர். 1998 முதல் உலகில் மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடாக இந்தியா விளங்குவதற்கும், 2023-24இல் உற்பத்தி சுமார் 23.9 கோடி டன்னை எட்டியதற்கும் அந்த அடித்தளம் பெரிதும் உதவியது.

தீவுகளுக்கு இதன் பொருள் யாது? பவுடரும் உள்ளூர்ப் பாலும் ஒரே நிறுவனத்தின் கையில் சேர வேண்டும். மழைக்காலத்தில் உள்ளூர்ப் பால் மிகும்போது அதனை முதலில் கொள்முதல் செய்து, வறண்ட மாதங்களில் பவுடரைக் கொண்டு குறையை நிரப்ப வேண்டும். பவுடர் விற்பனையில் கிடைக்கும் மிகுதியில் ஒரு பங்கு கிராமக் கொள்முதலுக்குத் திரும்பினால், பவுடர் உள்ளூர் உற்பத்தியாளனுக்குத் துணையாகிவிடும்.

நிலமும் காடும்

தீவுகளின் நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் காடாகும். உலகில் வேறெங்கும் காணப்படாத பறவைகளும் தாவரங்களும் கொண்ட காடு அது. பழங்குடி மக்களின் இருப்பிடமும் அதுவே. தொடக்கக் குடியேறிகளுக்கு நிலம் கிடைத்தது. பின்னர் வேலை தேடித் தாமாக வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களில் பலர் காட்டோரம் குடிசை போட்டனர். 1978க்கு முற்பட்ட ஆக்கிரமிப்புகளை முறைப்படுத்துவது, பிற்பட்டவற்றை அகற்றுவது என்ற கொள்கை வகுக்கப்பட்டது. சேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரைகளை ஏற்று 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியதோடு ஆக்கிரமிப்புகளை அகற்றவும் பணித்தது.

நிலமற்றவனுக்கு மாடு ஒன்றே சொத்து. அவன் மாட்டைக் காட்டில் விட்டு மேய்ப்பது, வேறு வழியின்மையால். ஆனால் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட புள்ளிமான் ஏற்கெனவே தளிர்களைத் தின்று காட்டின் மறுவளர்ச்சியைக் குறைத்துவரும் தீவுகளில், மாடும் சேர்ந்தால் சேதம் பெருகும். காட்டிலாகா மாட்டைத் துரத்துவதும், மாட்டுக்காரன் இரவில் மீண்டும் அவிழ்த்துவிடுவதும் இரு தரப்புக்கும் பயன் தராது. மாட்டுக்கு உணவு கொட்டிலுக்கே வரும்படி செய்வதுதான் காட்டையும் குடும்பத்தையும் ஒருசேரக் காக்கும்.

செய்யத்தக்கவை

முதலாவது, பசுந்தீவனம். தென்னந்தோப்பின் இடைவெளியில் கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல்லும், வேலியோரம் கிளைரிசிடியா, அகத்தி போன்ற மரங்களும் வளர்க்கலாம். தட்டைப்பயறு போன்ற பயறுவகைப் பசுந்தீவனம் 6 முதல் 8 கிலோ, 1 கிலோ அடர்தீவனத்துக்கு ஈடாகும் என்பது கணக்கு. கப்பலில் வரும் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பகுதியை வேலியிலிருந்தே பெற்றுவிடலாம். தீவுகளிலேயே கொப்பரையை ஆட்டினால் எண்ணெயோடு தேங்காய்ப் பிண்ணாக்கும் கிடைக்கும். கொப்பரையாகவே ஏற்றுமதி செய்தால் பிண்ணாக்கும் போய்விடும். தோப்பு இல்லாதவருக்குத் தோப்பு உள்ளவரின் புல்லை அறுக்கும் உரிமையைக் குத்தகையாக, எழுத்தில், பஞ்சாயத்தின் சாட்சியோடு வழங்கலாம்.

இரண்டாவது, இனம். 1978இல் போர்ட் பிளேரில் தொடங்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிலையம், இன்று மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. தீவுச் சூழலைத் தாங்கும் உள்ளூர்க் கால்நடைகளை ஆராய்வது அதன் பணிகளுள் ஒன்று. பெருநிலத்திலிருந்து உயிருள்ள மாடுகளைக் கப்பலேற்றுவது செலவு மிக்கது. புதிய நோய்களைக் கொணரும் ஆபத்தும் உண்டு. உறைவிந்து கொண்டு உள்ளூர்ப் பசுக்களை அளவோடு தரம் உயர்த்துவதே தக்கது. அதற்குத் திரவ நைட்ரஜனும் பயிற்சி பெற்ற பணியாளரும் வெளித்தீவுகளில் தடையின்றி இருக்கவேண்டும்.

மூன்றாவது, கடன். உழவர் கடன் அட்டை 2018-19 நிதிநிலை அறிக்கையால் கால்நடை வளர்ப்போருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை ஈடின்றி வேளாண் கடன் வழங்கலாம் என்று ரிசர்வ் வங்கி வரம்பை உயர்த்தியுள்ளது. வேளாண் சார்ந்த தொழில்களும் இதில் அடங்கும். பட்டா இல்லாத பால் உற்பத்தியாளருக்கு இது பெரிய வாய்ப்பு. ஆயினும் வங்கிக் கிளையில் முதலில் கேட்கப்படுவது பெரும்பாலும் நிலப் பத்திரமே. விதி மாறிய செய்தி மேசைக்கு மேசை சென்று சேரும்படி செய்வது அலுவலர் கடமையாகும்.

நான்காவது, தொலைவு. திக்லிபூர், ரங்கத் போன்ற இடங்களில் பாலைப் பாலாகவே அனுப்ப முயல்வதைவிட நெய், பால்கோவா, பன்னீர் என மாற்றி அனுப்புவது கணக்குக்கு ஒத்துவரும். பிரம்மபுத்திரா மேய்ப்பர்கள் நூறாண்டுக்கு முன் கண்ட வழி இதுவே. சுற்றுலா விடுதிகள் பெருகியுள்ள தீவுகளில் இவற்றுக்குச் சந்தை அருகிலேயே இருக்கிறது. பெண்களின் சுய உதவிக் குழுக்கள் இப்பணியை ஏற்கலாம்.

இறுதியாக, பதிவு. எந்தக் குடும்பம் எத்தனை மாடு வைத்திருக்கிறது, எங்கிருந்து புல் பெறுகிறது, எந்த நீரைப் பயன்படுத்துகிறது என்ற விவரம் கிராமந்தோறும் எழுத்தில் இருக்கவேண்டும். ஆழிப்பேரலை போன்ற பேரிடருக்குப் பின் நிலம் இழந்தவரின் இழப்பைப் பட்டாவைக் கொண்டு கணக்கிட முடியும். பட்டா இல்லாமல் மாட்டை மட்டும் இழந்தவர் எதைக் காட்டி நிவாரணம் கேட்பார்? அஸ்ஸாமின் மேய்ப்பர்கள் தலைமுறைகளாக வரி செலுத்தியும், உரிமை பதிவேட்டில் இடம்பெறாமையால் புல்வெளியை இழந்தனர். தீவுகளில் மாடு வளர்க்கும் நிலமற்ற குடும்பங்களின் பெயர்கள் அடுத்த புயலுக்கு முன்பே ஏட்டில் ஏறிவிட வேண்டும். திட்டம் தீட்டுவோர் தொடங்கவேண்டிய முதல் வேலை அதுவாகும்.